எடைமேடைக்குப் பின்னால் நின்ற நாரை

வள்ளூர் பக்கம் ஒரு லாரி யார்டில் எடைமேடை பார்ப்பது என் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும், கணினியில் எடை விழும், சீட்டை அச்சடித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன், லாரி இறங்கிப் போகும். முன் ஜன்னலில் நாள் முழுக்கத் தூசியும் டயரும்தான். ஆனால் அந்தச் சின்ன அறைக்குப் பின்பக்கமும் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் ஒரு கரை. கரைக்குக் கீழே எண்ணூர் கழிமுகத்தின் ஓர் ஓரம். முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், சேறு, கொஞ்சம் அலையாத்திப் புதர். அதற்கப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தண்ணீரில் நின்ற வெள்ளைப் பறவை எல்லாமே எனக்குக் கொக்குதான். எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள் நான். காக்கையும் புறாவும் தெரியும், மற்றதெல்லாம் சினிமாப் பாட்டில் வருவது. ஒரு நாள் லாரி வராத நேரத்தில் பின் ஜன்னலில் நின்றிருந்தபோது, கொக்குகளுக்கு நடுவே வேறு ஏதோ நடந்து வந்தது. என் இடுப்பு உயரம் இருக்கும். தலையில் முடி கிடையாது, ஆரஞ்சு நிறத்தில் மொட்டை. நீளமான மஞ்சள் மூக்கு, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருந்தது. மார்பில் கறுப்புப் பட்டை. திரும்பியபோது வால் பக்கம் இளஞ்சிவப்பு, யாரோ குங்குமக் கையைத் துடைத்துவிட்டுப் போனதைப் போல. போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். மஞ்சள் மூக்கு நாரை என்று அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். சங்குவளை நாரை என்றும் ஒரு பேர் இருக்கிறதாம்.

அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை கழுத்தை நீட்டிக்கொண்டே பறக்கும் என்பதை நானே பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டேன். பிற்பாடு அது எல்லாரும் அறிந்த விஷயம் என்று தெரிந்தபோதும் என் சந்தோஷம் குறையவில்லை. மஞ்சள் மூக்கு நாரைக்கு மீனைக் கண்ணால் தேடும் பழக்கம் இல்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும். கலங்கிய தண்ணீரில் மீன் வந்து அலகில் பட்டதும் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே கலங்கல் தண்ணீர் அதற்கு ஒரு குறையே இல்லை. நத்தை குத்தி நாரையின் கதை வேறு. உடம்பு அழுக்கு வெள்ளை, இறக்கை கறுப்பு. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இல்லையாம், வளர வளரத்தான் வருமாம். மழை முடிந்த ஒரு காலையில் கழுத்து மட்டும் பஞ்சுபோல வெளுத்த, மற்றபடி கருத்த வெண்கழுத்து நாரை ஒன்று தனியாக வந்து நின்றது. அன்று ஒரு லாரியின் எடையைத் தப்பாக அச்சடித்துவிட்டேன். திரும்ப மேடையில் ஏற்ற வேண்டியதாயிற்று.

நாரைகளுக்குக் குரல் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாள் முழுக்க ஏர் ஹாரன் கேட்டுக் காது மரத்துப்போன எனக்கு, அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு சத்தமில்லாமல் வாழ்வதை நம்ப முடியவில்லை. வேடந்தாங்கலுக்கு ஒரு முறை வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். அங்கே குஞ்சுகள்தான் கத்திக்கொண்டிருந்தன. பெரிய நாரைகள் அலகை அலகோடு தட்டி டகடகவென்று ஒரு சத்தம் எழுப்பின. அவ்வளவுதான் அவற்றின் பேச்சு. வெயில் ஏறியதும் ஒரு தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்தது. இன்னொன்று தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றியது. வீட்டுக்காரர் அதுவரை கரும்பு ஜூஸ் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாவற்றையும் கொக்கு என்றுதான் சொன்னார்.

அவருக்கு எம்.கே.பி. நகரிலேயே மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டில் எனக்குக் கொக்குப் பைத்தியம் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

யார்டில் எனக்கு ஒரு தோழி உண்டு. யார்டு ஆள் இல்லை. கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவள். பனையோலையில் பின்னிய பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டி போட்டுக் கழுத்து வரை தண்ணீரில் அமிழ்ந்து ஊர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி இறால் எடுப்பாள். வெயில் ஏறினால் என் அறைக்கு வெளியே இருக்கிற குழாயில் தண்ணீர் குடிக்க வருவாள். அப்படித்தான் பழக்கம். அவளும் நாரையும் பிழைப்பது ஏறக்குறைய ஒரே விதம்: கண்ணால் பார்க்காமல், தடவித் தடவி. நாரைகள் அவளைக் கண்டு பறப்பதில்லை. பக்கத்திலேயே மேயும்.

மாசி மாதம் முடிகிற சமயம். காலையில் வந்து பின் ஜன்னலைத் திறந்தால், நாரைக் கூட்டம் வழக்கம்போல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் அலகைத் தண்ணீரில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தது. ஆட்டவில்லை, திறக்கவில்லை. எடுத்தபோதெல்லாம் தலையைப் படபடவென்று உதறியது. காலைத் தூக்கி அலகைச் சொறிந்தது. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகின் நடுவில் ஏதோ வெள்ளையாக. தோழி தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னேன். அவள் ஏற்கெனவே பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தாள்.

"பைப்பு துண்டுக்கா. யாரோ அறுத்துப் போட்ட வளையம். மூக்க உள்ள வுட்டுகிச்சு, மாட்டிக்கிச்சு. வாயத் தொறக்க முடியல அத்தால. துன்னாமத்தான் கீது."

அலகைத் திறக்க முடியாத நாரை என்றால், கையைக் கட்டிப்போட்டு முன்னால் சோற்றை வைத்த மாதிரிதான். தண்ணீரில் மீன் துள்ளுகிறது, பக்கத்து நாரை விழுங்குகிறது, இது அலகை உதறிக்கொண்டு நிற்கிறது.

வனத்துறைக்கு போன் செய்தேன். மறுநாளே ஜீப்பில் வந்தார்கள். காக்கி உடுப்பில் ஓர் இளம்பெண்ணும் வலையோடு இரண்டு பேரும். ஜீப் கரையில் ஏறியதுமே மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. வளையம் மாட்டிய நாரையும் நன்றாகவே பறந்தது. புகைபோக்கிகளுக்கு மேலே சூடான காற்றில் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து வட்டமடித்துப் புள்ளியாகிப் போனது. அந்தப் பெண் வெகு நேரம் தலையை அண்ணாந்தபடி நின்றாள். பிறகு என்னிடம் வந்து, உடம்பில் வலு இருக்கும் வரை அது யாரையும் கிட்டே சேர்க்காது, வலு போன பிறகு பிடித்தால் பிழைப்பது கஷ்டம், நடுவில் ஒரு சமயம் கிடைக்கும், அதைத் தவறவிடக் கூடாது என்று சொன்னாள். எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். எனக்கு வேறென்ன வேலை?

பார்த்தேன். அடுத்து வந்த நாட்களில் அது கூட்டத்தை விட்டு விலகியது. உச்சி வெயிலில் மற்றவை அக்கரை நிழலுக்குப் போய்விட, இது மட்டும் என் அறைக்குப் பின்னால் கரையோரம் வந்து, காலைப் பாதி மடித்து உட்கார்ந்துகொண்டது. நாரைக்கு வேர்க்காது. வெயில் தாங்காவிட்டால் தன் காலிலேயே எச்சமிட்டு அந்த ஈரத்தில் உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும். அதன் கால்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும் காரணம் அதுதான். இதன் கால்களில் அந்த வெள்ளை நாளுக்கு நாள் குறைந்து வந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை, வெளியே என்ன வரும்?

ஒன்று கவனித்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, மிச்சச் சோற்றை மீனுக்குப் போட்டு டிபன் பாக்ஸைக் கழுவக் கரைக்கு நான் போகும்போது அது எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணால் பார்க்கும், அவ்வளவுதான். நான் தினமும் அதே நேரத்தில், அதே வழியில், அதே டப்பாவோடு போகிறவள். தோழி தண்ணீர்ப் பக்கமிருந்து ஊர்ந்து வந்தாலும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேரையும் அது இந்த இடத்தின் பொருளாகவே நினைத்துவிட்டது.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் பறியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நீ எப்பவும் போல டப்பா கழுவ வாக்கா. நான் தண்ணில வந்துகினே இருப்பேன். அது உன்னப் பாக்கும். நான் கால புடிச்சுடுவேன்."

"பறந்துட்டா?"

"பறக்காது. நான் இறாலே புடிக்கிறேன். இது இம்மாம் பெரிசு கீது."

வனத்துறைப் பெண்ணிடம் போனில் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. காலை மட்டும் பிடித்தால் எலும்பு முறியும், இறக்கையோடு சேர்த்து அணைக்க வேண்டும், தலை மேல் உடனே துணியைப் போட்டு மூடிவிட வேண்டும், கண் மறைந்தால் பறவை அடங்கிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் உடுப்பு இல்லாமல், ஜீப்பும் இல்லாமல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரின் கடையில் போய் நின்றேன். நல்ல கட்டிங் பிளேயர் ஒன்று வேண்டும் என்றேன்.

"இன்னாமே, கொக்குக்கா இம்மாம் பேஜாரு?" என்றார். ஆனால் கை அதற்குள் டப்பாவைத் துழாவ ஆரம்பித்துவிட்டது. மெல்லிய வாய் உள்ள ஒன்றை எடுத்து எண்ணெய் போட்டார். மூலையில் கிடந்த பைப்பிலிருந்து ஒரு வளையம் அறுத்து, தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு என் முன்னால் நீட்டினார். வெட்டு என்றார். விரல் வெட்டுப்பட்டுவிடுமே என்றேன். வளையத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு ஸ்பூன் காம்பைச் செருகிக்கொள், அப்புறம் தைரியமாக அழுத்து என்றார். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பைப் விரியாது, எதிர்ப் பக்கமும் வெட்ட வேண்டும் என்பதையும் அவர் விரலில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தடவைகூட அவர் ஸ் என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியம். சாப்பாட்டு நேரத்தில் எடைமேடை மூடியிருக்கும், லாரிகள் வரிசையில் காத்திருக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். வரிசையில் முதலாக இருந்தவர் தண்டையார்பேட்டைக்காரர், எல்லாரும் பாய் என்று கூப்பிடும் டிரைவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கி வரிசை நெடுகப் பின்னால் நடந்து போனார். ஒவ்வொரு லாரியாக இன்ஜின் அணைந்துகொண்டே போயிற்று. அந்த யார்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கொடிக் கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்டது.

வனத்துறைப் பெண் சுடிதாரில் என் அறைக்குள் கதவோரம் நின்றாள். நான் ஒரு கையில் டிபன் பாக்ஸும் தோளில் நனைத்த பழைய புடவைத் துண்டுமாகப் பின்பக்கம் இறங்கினேன். நாரை உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அலகு நடுவில் வளையம் பதிந்த இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது தெரிந்தது. வழக்கமான இடத்தில் குந்தி, டப்பாவைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். தண்ணீர்ப் பக்கம் தோழியின் தலை மட்டும் தெரிந்தது, வாயில் பறிக் கயிறு. அவள் வருவதாகவே தெரியவில்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தாள். நான் கழுவின டப்பாவையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அவள் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளையும் கறுப்புமாக ஓர் இறக்கை என் முகத்தில் அறைந்தது. துணியை விசிறினேன். விழுந்தது தலை மேலா முதுகு மேலா என்று தெரியாமல் அப்படியே கட்டிப் பிடித்தேன். அலகு என் விலாவில் இடித்தது. தோழி சேற்றில் மல்லாந்து கிடந்தாள், மார்போடு நாரையை அணைத்தபடி. பறி ஒரு பக்கம் மிதந்தது.

"தலய மூடுக்கா, தலய மூடு."

மூடினேன். மூடியதும் அந்த உடம்பு அடங்கியது. வனத்துறைப் பெண் ஓடி வந்து அலகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாளெல்லாம் டன் கணக்கில் எடை பார்க்கிறவள் நான். அந்தப் பறவையைத் தூக்கிக் கரையில் வைக்கும்போது அதன் எடை என் கையில் இருந்தது. நான்கைந்து கிலோவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதில் பாதிகூட இல்லை. மீன் வாடையும் சேற்று வாடையும். துணிக்குக் கீழே இதயம் அடித்துக்கொண்ட வேகம் என் முழங்கைக்குக் கேட்டது.

ஸ்பூன் காம்பைச் செருகினேன். வளையம் இறுகியிருந்ததால் முதலில் போகவில்லை, கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்தபோது போயிற்று. பிளேயரை வைத்து அழுத்தினேன். டக். விரியவில்லை. எதிர்ப் பக்கம் காம்பை மாற்றினேன். இரண்டாவது டக். இரண்டு துண்டும் தெறித்துச் சேற்றில் விழுந்தன.

அந்தப் பெண் இறக்கையை விரித்துப் பார்த்தாள், காலைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, இங்கேயே விடுவோம், சாயங்காலத்துக்குள் தானாக இரை எடுத்தால் போதும், இல்லையென்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்றாள். துணியை எடுத்தோம். மூன்று பேரும் பின்வாங்கினோம்.

அது பறக்கவில்லை. மெல்ல எழுந்து நின்றது. தள்ளாடி நடந்து தண்ணீருக்குள் இறங்கியது. அங்கேயே நின்றது. என்ன செய்வதென்று மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு அலகைத் திறந்தது. மூடியது. திறந்து மூடியது. இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக, டகடகவென்று அலகோடு அலகு தட்டி, கழுத்தை மேலே தூக்கி, எந்த நாரையும் கேட்காத பேச்சை அது தனியாக நின்று பேசியது. தோழி என் கையை இறுக்கிக்கொண்டாள்.

அப்புறம் குனிந்தது. அலகு பாதி திறந்து தண்ணீருக்குள் போயிற்று. இடம், வலம். ஒரு காலால் சேற்றைக் கலக்கியது. ஓர் அடி நடந்தது. இன்னோர் அடி. படக்கென்று மூடியது. நிமிர்ந்தபோது அலகில் வெள்ளியாக ஒரு மடவை மீன் துடித்தது. தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கியது. கழுத்து வழியாக அந்த மீன் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தோழி சேற்றைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். வனத்துறைப் பெண் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். யார்டு பக்கம் சுவர் மேல் டிரைவர்கள் வரிசையாக ஏறி நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பாய் லாரிக்கு ஓடினார். நாரை இரண்டாவது மீனையும் விழுங்கி, இறக்கையை விரித்துத் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து அக்கரைக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது. அது அங்கே கால் ஊன்றும் வரை காத்திருந்து, பாய் ஹாரனை அழுத்தினார். அடுத்த லாரி, அதற்கடுத்தது, சாலை வரைக்கும். கல்யாண ஊர்வலம் தோற்றது. அக்கரையில் நாரைகள் கழுத்தை நீட்டி ஒரு தரம் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. லாரிச் சத்தம் அவற்றுக்குப் பழகியதுதானே.

மேற்பார்வையாளர் வந்து எடைமேடையைத் திறக்க ஏன் தாமதம் என்று கேட்டார். எனக்குப் பதிலாக வரிசையே பதில் சொன்னது. அவர் பின் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்து, எது என்று கேட்டார். காட்டினேன்.

அதற்குப் பிறகு அதை அடையாளம் காண்பது சுலபமாகிவிட்டது. அலகு நடுவில் சுற்றிலும் ஒரு வெளுத்த கோடு நின்றுவிட்டது. சித்திரை வரை தினமும் வந்தது. தினமும் தின்றது. கால்கள் மறுபடி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தன. வால் பக்கத்து இளஞ்சிவப்பு வெயிலில் மினுங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னோடு வந்து கரையில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். தோழி அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற லாரி கிளீனர் ஒருவர் அந்தக் கொக்கா என்று கேட்டபோது, அவர் திரும்பி, கொக்கு இல்லை தம்பி, நாரை என்று திருத்தினார்.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது வளையத்தை வெட்டிய நாளின் சாயங்காலப் பஸ்தான். புடவை முழுக்கச் சேறு, நாரையின் எச்சம், விலாவில் அலகு இடித்த வலி. பக்கத்து இருக்கைப் பெண் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள். இன்னாம்மா ஆச்சு, வுழுந்துட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு நாரையைப் பிடித்தோம், வாயைத் திறந்துவிட்டோம், அது மீன் தின்றது என்றேன். அவள் முழுதாக என் பக்கம் திரும்பி, எங்கே, எப்படி என்று கேட்டாள். முன் இருக்கைக்காரரும் திரும்பினார். திருவொற்றியூர் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். நடத்துநர் சீட்டு கொடுக்க வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மீன் கழுத்தில் இறங்கிய இடத்தை மட்டும் எல்லாரும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.